இளநிலை வயலின் போட்டி: முன்தேர்வு வீடியோவுக்கு எதை வாசிப்பது, எப்படி எடுப்பது?

கீழ்ஸ்தாயி:
மகளுக்கு 13 வயது. மெனுஹின் சர்வதேச வயலின் போட்டி மாதிரியானவற்றின் இளநிலைப் பிரிவுக்கு (16 வயதுக்குக் கீழ்) பாக், பகானினி, மோட்சார்ட் தலா ஒன்று தயார் செய்கிறாள். பகானினியில் 24ஆம் கேப்ரிஸ்தான் (தனி வயலினுக்கான சிறு உருப்படி) வேண்டும் என்று பிடிவாதம். வீடியோவை ஃபோனில் எடுத்தால் போதுமா? பெரும்பாலும் எதில் கழித்துவிடுகிறார்கள்?

வில்முனை:
சுருதியிலும் தாளத்திலும்தான். பாக் ஜி மைனர் சொனாட்டா (பி.டபிள்யூ.வி. 1001) என்றால் பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் முதல் கார்டிலேயே (chord) தெரிந்துவிடும். கீழே ஜி, டி இரண்டும் வெறுந்தந்தி. மேலே பி ஃபிளாட், ஜி இரண்டும் விரல். மேல் ஜி, வெறுந்தந்தி ஜியோடு சேராவிட்டால் ஒளிக்க இடமே இல்லை.

24 வேண்டாம் என்பேன். 6ஆம் வேரியேஷனில் டென்த் (பத்துச் சுர அகல இடைவெளி) வருகிறது, 9ஆவதில் இடக்கை பிட்சிகாட்டோ (இடக்கை விரலாலேயே தந்தியை மீட்டுவது). கை எட்டாவிட்டால் சுருதி தப்பும். 16ஆம் கேப்ரிஸில் இரட்டைத் தந்தித் தொல்லை இல்லை, ஓட்டத்தின் சீரும் நடுநடுவே விழும் ஃபோர்ட்டே (உரத்த) அழுத்தமும்தான் சோதனை. 2018 ஜெனீவா மெனுஹின் போட்டியில் இளநிலை முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட க்ளோயி சுவா, கிறிஸ்டியன் லி இருவரும் இறுதிச் சுற்றில் வாசித்தது விவால்டி. ஒருவர் 'குளிர்காலம்', மற்றவர் 'கோடை'. கஷ்டமான உருப்படிக்குத் தனி மார்க் கிடையாது.

ரோசின்பொடி:
24 பற்றி ஒரு திருத்தம். முக்கால் அளவு வயலின் என்றால் டென்த் எட்டும். முழு அளவுக்கு இப்போதுதான் மாறியிருந்தால் வில்முனை சொன்னதே சரி.

வீடியோவுக்கு வருவோம். படத்துக்கு ஃபோன் போதும், ஒலிக்குப் போதாது. சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கிவிடும்; பியானிஸ்ஸிமோவும் (மிக மெல்லியது) ஃபோர்ட்டேயும் ஒரே உயரத்தில் கேட்கும். ஃபோனிலேயே செருகும் வெளி மைக் வாங்கி, தானியங்கி அளவை அணைத்து, 2 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். ரெக்கார்டிங் அளவுகாட்டியில் உச்ச சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தனி ரெக்கார்டரில் எடுத்துப் பிறகு ஒட்டுவதைச் சில போட்டிகள் எடிட்டிங்காகவே கணக்கிடும், விதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எதிரொலி சேர்க்கவே வேண்டாம்.

கேமரா வாசிப்பவரின் வலது முன்பக்கம் இருக்கட்டும். வில் முழு நீளமும் இடக்கை விரல்களும் ஃபிரேமுக்குள் வர வேண்டும். ஒரு உருப்படிக்கு ஒரே ஷாட், மூவ்மென்டுக்கு நடுவில் நிறுத்தக் கூடாது.

கீழ்ஸ்தாயி:
நன்றி. மோட்சார்ட் 5ஆம் வயலின் கன்செர்டோவில் (கே. 219) ஆர்கெஸ்ட்ரா முன்பகுதியைப் பியானோ முழுதும் வாசிக்கணுமா?

வில்முனை:
வேண்டாம். சோலோ நுழைவதற்கு இரண்டு மூன்று பார் முன்னால் தொடங்கினால் போதும். ஆனால் அந்த 6 பார் அடாஜியோவை (மெதுவான பகுதி) விட்டுவிடாதீர்கள், அதுதான் சோலோவின் நுழைவு. பியானோவின் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸா 442ஆ என்று முன்கூட்டியே பாருங்கள். தந்திக்குத் தந்தி சுத்த ஐந்தாக (ச-ப இடைவெளி) ஏயிலிருந்து சுருதி சேர்த்த வயலினின் ஜி, பியானோ ஜியைவிடச் சுமார் 4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் நாலு பங்கு) தாழ்ந்து நிற்கும். மோட்சார்டுக்கு டியையும் ஜியையும் துளி உயர்த்தி, இடைவெளியை நெருக்கிச் சேர்ப்பது நல்லது.

பிருடை:
ஒன்று விட்டுப்போனது: தந்தி. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள், புதுசு இழுபட்டுக்கொண்டே இருக்கும். நான்கையும் ஒருசேரக் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை விழும், உள்ளே நிற்கும் சிறு மரக்கம்பான சவுண்ட்போஸ்டும் சாயலாம். ஒன்றொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பிறகு குதிரை விரல்பலகைப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து நிமிர்த்துங்கள். வெளிநாட்டில் நேர்ச்சுற்றுக்குப் போகும் நிலை வந்தால் வில்லில் யானைத்தந்தமோ ஆமையோடோ இருக்கிறதா என்று கவனியுங்கள். சைடிஸ் (அரிய உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) விதிப்படி காகிதம் இல்லாமல் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். கார்பன் ஃபைபர் வில்லுக்கு அந்தத் தலைவலி இல்லை.