பிரேக் போட்டா மட்டும் வண்டி இடப்பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் பண்ணியும் போகல

ஓரம்போ:
எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷமான ஹேட்ச்பேக். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். சும்மா ஓடும்போது நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது. பிரேக் மிதிச்சா மட்டும் இடப்பக்கம் இழுக்குது. மெதுவா மிதிச்சா லேசா, அழுத்தி மிதிச்சா ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கு. மழையில எடுக்கவே பயம்.

அலைன்மென்ட், பேலன்சிங் ஆச்சு. முன் பிரேக் பேட் செட் புதுசு. நாலு டயர்லயும் காத்து சரி. "இடப்பக்கம் இழுக்குதுன்னா இடது பிரேக் பிடிச்சுக்குது, அந்த கேலிப்பரை (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) மாத்தணும்"ங்கிறார் மெக்கானிக். மாத்திடலாமா?

நாலுசக்கரம்:
முன் டயர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டுப் பாருங்க. இல்லைன்னா அலைன்மென்டை வேற இடத்துல இன்னொரு தடவை பண்ணுங்க. நிறைய பேர் டோ (சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிற கோணம்) மட்டும் பார்த்துட்டு அனுப்பிடுறாங்க.

பழையஸ்பேனர்:
இடது கேலிப்பர்ல கை வைக்காதீங்க தம்பி. மொதல்ல வலது சக்கரத்தைக் கழட்டுங்க.

பிரேக் போடும்போது வண்டி எந்தப் பக்கம் போகுதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எதிர்ப்பக்கம்தான் தூங்குது. இடது பிரேக் முழுசா பிடிக்குது, வலது பாதிதான் பிடிக்குது, அதனால மூக்கு இடப்பக்கம் திரும்புது. இடது கேலிப்பரை மாத்தினா நல்லா இருக்கிற சாமான் போயிடும், கெட்டது வண்டியிலயே இருக்கும். இடதுதான் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதுன்னு வச்சுக்கோங்க, அப்ப பிரேக்கைத் தொடாமலே வண்டி இடப்பக்கம் சாயும், அந்தச் சக்கரம் கொதிக்கும், மைலேஜும் விழும். நீங்க நேரா போகுதுன்னு சொல்றீங்களே.

நாலுசக்கரம் சாருக்கு: அலைன்மென்ட் கோளாறு பிரேக் போடுற வரைக்கும் காத்திருக்கிறது அபூர்வம். ஓடும்போதே இழுக்கும், ஸ்டியரிங் கோணலா நிக்கும். டயர் கோளாறும் பெரும்பாலும் அப்படித்தான். டயரை மாத்திப் போட்டுப் பார்க்கிறதுல செலவு இல்ல, ஆனா ஒரே திசையில சுத்துற டயரா இருந்தா அதைப் பண்ணாதீங்க. டயர் பக்கத்துலயே அம்புக்குறி இருக்கும்.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஆளில்லாத நேர் ரோட்ல கொஞ்ச தூரம் ஓட்டி, நடுவுல சில தடவை நல்லா பிரேக் போட்டு நிறுத்துங்க. கையைச் ஸ்டியரிங்ல இருந்து எடுத்துடாதீங்க. இறங்கினதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா ரெண்டு முன் டிஸ்க்கையும் ஒரே இடத்துல காட்டி அளங்க. பத்து இருபது டிகிரி முன்னே பின்னே இருந்தா கவலை இல்ல. ஒண்ணு கொதிச்சு, இன்னொண்ணு வெதுவெதுன்னு இருந்தா, வெதுவெதுன்னு இருக்கிறதுதான் உங்க ஆள். கையை வச்சுப் பார்க்காதீங்க, தோல் பிஞ்சுடும்.

அலாய் வீலா இருந்தா கம்பிகளுக்கு நடுவுல டார்ச் அடிச்சே பாதி விஷயம் தெரிஞ்சிடும். வேலை செய்யுற டிஸ்க் ஓரம் வரைக்கும் பளபளன்னு இருக்கும். வேலை செய்யாததுல வெளி முகத்துல துரு பட்டை பட்டையா நிக்கும், பேட் அங்க சரியா உரசுறதே இல்ல.

இந்த மாதிரி வண்டியில ஒரே பிஸ்டன்தான், அதுவும் உள்பக்கம். அது உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில கேலிப்பரே ரெண்டு கைடு பின் மேல வழுக்கி வந்து வெளி பேடை அமுக்கும். பின் ஜாம் ஆச்சுன்னா வெளி பேட் சும்மா உக்காந்திருக்கும். பேட் மாத்தும்போது பின்னை உருவி, துடைச்சு, கிரீஸ் வைக்கணும். பெரிய வேலை இல்ல, ஆனா பேடை மட்டும் சொருகி அனுப்புறவங்கதான் அதிகம். பழைய பேடைக் கேட்டு வாங்கி வச்சீங்களா? நாலையும் வரிசையா வச்சு ஒரு தடவை பாருங்க.

ஓரம்போ:
அண்ணே, டிக்கியில கிடந்துச்சு! இடது பேட் ரெண்டும் ஒரே கனம். வலதுல உள் பேட் இரும்பைத் தொடப் போகுது, வெளி பேட் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. அப்ப அந்த கைடு பின்தானா? வேற எதுவும் இருக்குமா?

டிரம்சத்தம்:
கேலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டு போற ரப்பர் ஹோஸையும் பாருங்க. என் வண்டியில அதுதான். வெளிய பார்த்தா ரப்பர் புதுசு மாதிரி இருந்துச்சு, உள்ள வீங்கி அடைச்சுக்கிச்சு. பிரேக் மிதிச்சதும் ஒரு பக்கம் இழுக்கும், காலை எடுத்தப்புறம் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் இழுக்கும். கேலிப்பர், பேட் எல்லாம் மாத்தி முடிச்சப்புறம்தான் ஹோஸ் பக்கம் போனோம்.

பழையஸ்பேனர்:
டிரம்சத்தம் சொன்னது ரொம்ப சரி. அடைச்ச ஹோஸ்ல ஆயில் லேட்டா போகும், லேட்டா திரும்பும். அதனாலதான் இழுப்பு பக்கம் மாறுது. சக்கரம் இறுகிப் போயிருக்கும்போது கேலிப்பர்ல இருக்கிற பிளீடர் நட்டை (பிரேக் ஆயில்ல சேர்ந்த காத்தை வெளியேத்துறதுக்கானது) லேசா திறந்து பாருங்க. ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விட்டுச்சுன்னா கோளாறு ஹோஸ்லயோ அதுக்கு மேலயோ. திறந்தும் விடலைன்னா கேலிப்பர். ஆனா ஓரம்போ தம்பி, உங்க பேட் தேய்ஞ்சிருக்கிற லட்சணத்தைப் பார்த்தா பின்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க, ஸ்டாண்டு போடுங்க. கேலிப்பரைக் கழட்டினா ஹோஸ்ல தொங்க விடாம கம்பியில கட்டுங்க. பின்னை விரலாலயே உள்ள தள்ளி வெளிய இழுக்க வரணும். சுத்தியல் கேட்டா அதுதான் ஜாம். துரு குழி விழுந்திருந்தா பாலிஷ் போடாம புதுப் பின் போடுங்க. ரெண்டு பின்னும் ஒரே மாதிரின்னு நினைக்காதீங்க. சில வண்டியில ஒண்ணுல மட்டும் நுனியில ரப்பர் இருக்கும். எது மேல, எது கீழன்னு கழட்டும்போதே போட்டோ எடுத்துக்கோங்க. பிரேக்குக்குன்னு வர்ற சிலிக்கான் கிரீஸ்தான் வைக்கணும். பேரிங் கிரீஸ் வச்சா ரப்பர் ஊதி, திரும்பவும் பின்னைப் பிடிச்சுக்கும்.

ஓரம்போ:
கழட்டியாச்சு. வலது கீழ் பின் அசையவே இல்ல. துரு கரைக்கிற ஸ்ப்ரே அடிச்சு, ஊற விட்டு, முறுக்கி முறுக்கித்தான் வந்துச்சு. அதோட ரப்பர் பூட் மடிப்புல கிழிஞ்சிருக்கு, உள்ள சிவப்பா சேறு மாதிரி துரு. மேல் பின் வெண்ணெய் மாதிரி வழுக்குது. புதுப் பின், பூட் போட்டு ஓட்டினேன், இழுப்பு போயிடுச்சு. ஆனா அழுத்தி மிதிச்சா முன்னாடி எங்கயோ ஒரு 'டக்'.

பழையஸ்பேனர்:
அந்த டக் வேற கதை. ரிவர்ஸ்ல மெதுவா உருட்டி பிரேக் போடுங்க. அப்பவும் டக்னா லோயர் ஆர்மோட (சக்கரத்தைக் கீழ வண்டியோட பிடிச்சிருக்கிற கை) பின்பக்க ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கலாம், ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல கம்பி விட்டு நெம்பிப் பாருங்க. அது முத்தினா பிரேக் போடும்போது சக்கரம் பின்னால நகர்ந்து டோ மாறும், இழுப்பும் திரும்ப வரும். கேலிப்பர் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்குற ஸ்பேனர்) வச்சு இறுக்கினீங்களான்னும் சொல்லுங்க. சத்தம் எதுன்னு தேடுறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்க்கணும்.