போர்ட்னாய் தொடக்கத்திலேயே இருந்தாரா, பின்னால் வந்து சேர்ந்தாரா?

இரட்டைப்பெடல்:
நேற்று வேறோர் இழையில் டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவைப் பற்றிக் காக்ஸ்டவுன் கிட்டார் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. "டிரீம் தியேட்டர், நியூயார்க் லாங் ஐலண்டில் கிங்ஸ் பார்க் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த இரண்டு பையன்களின் குழு. கிட்டார் வாசிக்கும் பெட்ரூச்சியும் பாஸ் கிட்டார் வாசிக்கும் மியுங்கும்தான் வேர். டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டது, போர்ட்னாய் பின்னால் வந்து சேர்ந்தார்" என்று எழுதியிருக்கிறார். அதற்குத் தலையாட்டிகள் வேறு.

பின்னால் வந்து சேர்ந்தாராம்! 1985-ல் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில்தான் மூவரும் சந்தித்தார்கள். அங்கிருந்த ஒத்திகை அறைகளில் ரஷ், அயர்ன் மெய்டன் ஆகிய ராக் குழுக்களின் பாடல்களை வாசித்து வாசித்துத்தான் குழு உருவானது. மூவரும் 1967-ல் பிறந்தவர்கள், மூவருக்கும் அப்போது 18 வயது. போர்ட்னாய் வருவதற்கு முன் இந்தக் குழுவே கிடையாது. இல்லாத ஒன்றில் ஒருவர் எப்படிப் பின்னால் வந்து சேர முடியும்?

காக்ஸ்டவுன் கிட்டார்:
நான் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். பெட்ரூச்சியும் மியுங்கும் பள்ளித் தோழர்களா இல்லையா? கீபோர்டு வாசித்த கெவின் மூர் அதே ஊர்க்காரரா இல்லையா? முதல் பாடகர் கிறிஸ் காலின்ஸும் அவர்களுக்கு ஊரில் பழக்கமானவர்தான். ஐந்து பேரில் நான்கு பேர் ஊர்த் தோழர்கள். மிச்சமிருக்கும் ஒருவருக்காக வரலாற்றையே திருப்பி எழுதச் சொல்கிறீர்கள். போர்ட்னாய் லாங் பீச் பையன். பாஸ்டனுக்குப் போகும்வரை இவர்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

இரட்டைப்பெடல்:
எண்ணிக்கை காட்டி ஏமாற்ற வேண்டாம். மூரும் காலின்ஸும் எப்போது சேர்ந்தார்கள்? மூவரும் பெர்க்லியில் கூடிய பிறகு, கீபோர்டுக்கும் குரலுக்கும் ஆள் தேடியபோது. பின்னால் வந்தவர்கள் என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டு பேரைச் சொல்லுங்கள்.

பெயரையும் பாருங்கள். முதலில் 'மெஜஸ்டி'. ரஷ் கச்சேரி டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றபோது, ரஷ் குழுவின் ஒரு பாட்டின் முடிவைக் கேட்டு, 'மெஜஸ்டிக்'காக, அதாவது கம்பீரமாக இருக்கிறது என்று போர்ட்னாய் சொன்னதிலிருந்து வந்த பெயர் அது. பிறகு லாஸ் வேகாஸில் அதே பெயரில் ஒரு குழு இருந்து தகராறு செய்ததால் மாற்ற வேண்டியிருந்தது. டிரீம் தியேட்டர் என்ற பெயரைச் சொன்னவர் யார்? போர்ட்னாயின் அப்பா. கலிஃபோர்னியாவில் மாண்டரே ஊரில் அந்தப் பெயரில் ஒரு திரையரங்கம் இருந்தது. முதல் பெயர் மகனால், இரண்டாவது பெயர் அப்பாவால். இவர்தான் உங்களுக்குப் பின்னால் வந்தவர்!

ராமமூர்த்தி நகர் பாஸ்:
இருவரும் மியுங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? எப்போதும் இதே கதைதான். ஆறு தந்தி பாஸை அந்த மனிதர் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள், யார் முதலில் வந்தார் என்று சண்டை போட மாட்டார்கள். சின்ன வயதில் வயலின் கற்றவர். அந்த விரல் பழக்கம் இன்றும் தெரியும்.

காக்ஸ்டவுன் கிட்டார்:
பாஸ் அண்ணா, நான் மியுங்கின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். மறைப்பவர் அவர்.

இரட்டைப்பெடல் அவர்களுக்கு: கல்லூரி கல்லூரி என்கிறீர்களே, அந்தக் கல்லூரியில் யார் படிப்பை முடித்தார்கள்? மூவரும் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். பாடம் நடத்தியா குழு வளர்ந்தது? ஊரில் மாதிரிப் பதிவாகப் போட்ட டெமோ கேசட் ஆயிரம் பிரதிகள் ஆறே மாதத்தில் தீர்ந்தது. அதற்கு வேண்டியது பழக்கம். ஒருவர் கண்ணைப் பார்த்தாலே அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். சின்ன வயதிலிருந்து கூடப் பழகியவர்களுக்கு மட்டுமே அது வரும்.

இரட்டைப்பெடல்:
படிப்பை விட்டார்கள், உண்மை. ஆனால் பெர்க்லி இல்லாமல் போர்ட்னாயை எங்கே சந்தித்திருப்பார்கள்? கிங்ஸ் பார்க் மளிகைக் கடையிலா? முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் இசைப் பள்ளி செய்யும் பெரிய வேலை. பழகிய பையன்கள் மட்டும் சேர்ந்தால் பழகிய பாட்டுத்தான் வரும். அடுத்தவன் என்ன செய்வான் என்று தெரியாதவன் ஒருவன் உள்ளே வரும்போதுதான் தாளம் மாறுகிறது. 1992-ல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கிட்டார் ஒரு பக்கம் இழுக்கும்போது ஹை-ஹாட் தட்டு வேறு கணக்கில் போகும், காலால் அடிக்கும் பேஸ் டிரம் இரண்டையும் கட்டிப் பிடிக்கும். அது பின்னால் வந்து சேர்ந்தவன் வாசிப்பா?

அல்சூர் ஏரிக்கரை:
தம்பிகளே, ஏழு மாத்திரை, ஐந்து மாத்திரை என்று இந்தக் குழுவை நீங்கள் கொண்டாடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிஸ்ர சாபு தாளம் ஏழு, கண்ட சாபு தாளம் ஐந்து. நம் மிருதங்க மாணவர்களுக்கு இது ஆரம்பப் பாடம். கடல் கடந்து போய் ஏன் தேட வேண்டும்?

இரட்டைப்பெடல்:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நானும் அல்சூரில் மிருதங்கம் கற்றவன்தான். இரண்டும் வேறு வேலை. நம்மிடம் தாளம் நிலையாக இருக்கிறது. அதன் மேல் கோர்வை என்ற முடிவுக் கணக்கு ஓடி, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக வந்து இறங்குகிறது. இவர்களிடம் தாளமே மாறிக்கொண்டிருக்கிறது. 1999-ல் வந்த 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற அவர்களுடைய பாட்டு ஆறு நிமிடம் சொச்சம். அதற்குள் நூறு தடவைக்கு மேல் தாளக் கணக்கு மாறுகிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டு அதைப் பின்தொடர முடியாது, சொற்றொடர் சொற்றொடராக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்றை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்த வேண்டிய அவசியமில்லை.

அல்சூர் ஏரிக்கரை:
தாழ்த்தியவன் நானில்லை. நிலையான தாளத்தின் மேல் நடப்பது எளிது என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். உங்கள் குருநாதர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

இரட்டைப்பெடல்:
எளிது என்று எங்கே சொன்னேன்? காட்டுங்கள். என் குருவை இங்கே இழுக்காதீர்கள்.

காக்ஸ்டவுன் கிட்டார்:
எல்லாரோடும் சண்டை. எதற்கு இந்தக் கோபம் என்று தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். இவர் போர்ட்னாய்க்காகப் பேசவில்லை. எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் இவர். நானும் பாஸ் அண்ணாவும் காக்ஸ்டவுனில் ஒரே பள்ளியில் படித்த காலத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தோம். பிறகு இவர் சேர்ந்தார். டெமோ உறையில் 'தொடங்கியவர்கள்' என்று எங்கள் இருவர் பெயர் வந்தது. அன்றிலிருந்து இந்தப் புகைச்சல். வீட்டுச் சண்டையை பாஸ்டனுக்குக் கொண்டுபோய் நடத்துகிறார்.

இரட்டைப்பெடல்:
நீங்களே எடுத்துவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். நான் வருவதற்கு முன் நீங்கள் இருவரும் மற்றவர்களின் பாடல்களை மாடியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள். சொந்தப் பாட்டு ஒன்று உண்டா? ஒத்திகை அறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டியவன் நான். பக்கத்து வீட்டு அம்மா சத்தம் போட்டபோது போய்ப் பேசி, மாலை ஏழு மணி வரைக்கும் அனுமதி வாங்கியவன் நான். மின்சாரம் போனபோதும் பயிற்சி பேடில் வாசித்துப் பாட்டின் நடுப்பகுதியை முடித்துக் கொடுத்தவன் நான். உறையில் 'டிரம்ஸ் உதவி' என்று போட்டீர்கள். உதவி! அதே கணக்கைத்தான் இப்போது போர்ட்னாய்க்கும் எழுதுகிறீர்கள்.

ராமமூர்த்தி நகர் பாஸ்:
அந்த உறையை அச்சுக்குக் கொடுத்தவன் நான் இல்லை. என் பெயரை இதில் சேர்க்க வேண்டாம்.

காக்ஸ்டவுன் கிட்டார்:
பாஸ் அண்ணா, அச்சுக்குப் போகும் முன் நீங்களும் பார்த்தீர்கள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையே?

ராமமூர்த்தி நகர் பாஸ்:
பார்த்தேன். எழுத்து சின்னதாக இருந்தது.

நான் பேச வந்தது வேறு. 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது நாம் மூவரும் ஒன்றாகத்தான் நின்றோம். அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை.

இரட்டைப்பெடல்:
அன்றைக்கு மூன்று டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தவன் யார் என்பதையும் எழுதுங்கள்.

காக்ஸ்டவுன் கிட்டார்:
டிக்கெட் கணக்கு வேறு வந்துவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். 2010-ல் போர்ட்னாய் விலகினார். குழு நின்றதா? இல்லை. மைக் மாங்கினி வந்தார், ஆல்பங்கள் வந்தன, 2022-ல் கிராமி விருதும் வந்தது. வேரான இரண்டு பேரும் விலகவே இல்லை. போர்ட்னாய் இல்லாத காலத்தில்தான் கிராமி கிடைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப்பெடல்:
மாங்கினி எங்கிருந்து வந்தார்? பெர்க்லியில் ஆசிரியராக இருந்தவர். இந்த வேலைக்காகப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வந்தார். மறுபடியும் பெர்க்லி! பள்ளித் தோழர்களே போதும் என்றால் கிங்ஸ் பார்க்கில் ஒரு டிரம்மர்கூடவா கிடைக்கவில்லை? கிராமி மாங்கினியின் உழைப்புக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023-ல் யாரைத் திரும்ப அழைத்தார்கள்? போர்ட்னாயை. 'உதவி'க்கு வந்தவரைப் பதிமூன்று வருடம் கழித்து யாரும் கூப்பிட மாட்டார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் என்பதால் கூப்பிட்டார்கள்.

காக்ஸ்டவுன் கிட்டார்:
கூப்பிட்டவர்கள் யார்? விலகாமல் இருந்தவர்கள். வீடு யாருடையதோ அவர்கள்தான் கதவைத் திறக்க முடியும். போர்ட்னாய் பின்னால் வந்தார், விட்டுப் போனார், மறுபடியும் வந்தார். பெட்ரூச்சியும் மியுங்கும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

இரட்டைப்பெடல்:
1985. பாஸ்டன். மூன்று பேர். நான்காவது தடவை எழுதுகிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

அல்சூர் ஏரிக்கரை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

காக்ஸ்டவுன் கிட்டார்:
எழுதிக்கொண்டே இருங்கள். மாங்கினியா போர்ட்னாயா என்று தனி இழை தொடங்கியிருக்கிறேன், தைரியம் இருந்தால் அங்கே வாருங்கள். வரும்போது என்னிடம் வாங்கிப்போன, தாளம் தட்டிக் காட்டும் கிளிக் டிராக் பெட்டியையும் கொண்டுவாருங்கள்.

இரட்டைப்பெடல்:
அந்தப் பெட்டியில் பாதிப் பணம் என்னுடையது. பாஸுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள். அங்கேயும் வருகிறேன்.