ஏழாம் வகுப்பு: தசம எண்களில் தோராய மதிப்பு பிடிபடவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

மாடிவகுப்பு (கேட்டவர்)

அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 34 பிள்ளைகள். முழு எண்களில் தோராயம் நன்றாகவே சொல்கிறார்கள். 298 + 405 என்றால் "எழுநூறு" என்று சட்டென்று வருகிறது. நடுவில் ஒரு புள்ளி வந்துவிட்டால் எல்லாம் போச்சு.

4.8 × 3.1 தோராயமாக எவ்வளவு வரும் என்று கேட்டேன். பாதிப் பேர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முழுசாகப் பெருக்கி, 14.88 கண்டுபிடித்து, அப்புறம் அதை 15 என்று மாற்றி எழுதினார்கள். விடை சரிதான், ஆனால் நான் கேட்டது அதையல்ல. ஏழெட்டுப் பேர் 148.8 என்று எழுதினார்கள். ஐந்தை மூன்றால் பெருக்கினால் நூற்றைம்பது பக்கம் வருமா என்று கேட்டால் அவர்களே சிரிக்கிறார்கள். "ஆனா கணக்குல அப்படித்தான் வந்துச்சு டீச்சர்" என்கிறார்கள். 6.95 + 0.4 என்பதற்கு 6.99 எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே 0.48 × 61.3. "பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு பையன் 0.48-ஐ 0 ஆக்கி, 61-ஆல் பெருக்கி, விடை 0 என்று கொண்டுவந்து காட்டினான். நான் சொன்ன விதிப்படி அவன் செய்தது சரி. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

முழுதாக்கும் விதியை இரண்டு முறை நடத்தியாகிவிட்டது. பயிற்சித் தாளும் கொடுத்தேன். எங்கே சறுக்குகிறேன்?

வெள்ளை சாக்பீஸ்

இரண்டு கேள்வி, டீச்சர். கேட்கும்போது அவர்கள் கையில் பென்சில் இருந்ததா? 6.95-ஐ அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள்?

மாடிவகுப்பு

பென்சில் இருந்தது. "ஆறு புள்ளி தொண்ணூற்றைந்து" என்றுதான் வாசிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சில நேரம் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வெள்ளை சாக்பீஸ்

6.99 அங்கிருந்துதான் வருகிறது. தொண்ணூற்றைந்தும் நான்கும் தொண்ணூற்றொன்பது. காதில் விழுந்த கணக்கைப் பிள்ளை சரியாகவே போட்டிருக்கிறது. "ஆறு புள்ளி ஒன்பது ஐந்து" என்று ஒரு வாரம் விடாமல் வாசிக்க வையுங்கள். 0.45, 0.6 இரண்டில் எது பெரியது என்றும் கேட்டுப் பாருங்கள். 45 பெரிது என்று எத்தனை கை தூக்குகிறது என்று எண்ணுங்கள். அது சரியாகாமல் தோராயம் நடத்தினால் மணலில் கோலம் போடுவது மாதிரிதான்.

நம் காலத்தில் காசு இருந்தது, அது பாதி வேலையைச் செய்துவிடும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐம்பது காசைக் கையில் வாங்கியிருப்பார்கள்? "ஆறு ரூபாய் தொண்ணூற்றைந்து காசு" என்று நாம் உதாரணம் சொன்னால், பார்த்தே இராத ஒன்றைச் சொல்கிறோம்.

பழைய வாத்தியார்

முப்பது வருடம் இதே கணக்கோடு மல்லுக்கட்டியவன். உங்கள் பையன் எழுதிய பூஜ்யம் உங்களுக்குக் கிடைத்த பரிசு, அவனைத் திட்டிவிடாதீர்கள். பாடநூல் விதி ஒன்றுக்கு மேற்பட்ட எண்களில் ஓரளவு ஓடும். ஒன்றுக்குக் கீழே வந்தால் உடைந்துபோகும். அங்கே பக்கத்து முழு எண்ணைத் தேடக் கூடாது. பக்கத்தில் இருப்பது அரையா, காலா, முக்காலா என்று தேட வேண்டும்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தமிழில் ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று வாயில் புழங்கும் சொற்களே இருக்கின்றன. முக்கால் கிலோ தக்காளி வாங்கி வரச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாது. ஆனால் அந்த முக்காலும் நோட்டில் இருக்கும் 0.75-உம் ஒன்று என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு 0, கால், அரை, முக்கால், 1 என்று குறித்துவிட்டு வருடம் முழுக்க அழிக்காமல் வைத்திருப்பேன். அப்புறம் வாய்க்கணக்கு:

0.48 × 61.3: அறுபதில் அரை, 30.
0.24 × 82: எண்பதில் கால், 20.
0.76 × 39.5: நாற்பதில் முக்கால், 30.
0.13 × 64.5: அறுபத்து நான்கில் அரைக்கால், 8.

அரைக்கால் என்ற சொல்லை வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்வேன். காலில் பாதி, 0.125. சில வீட்டில் பாட்டிமார் மாகாணி, வீசம் என்று மேலும் அடுக்கி அனுப்பிவிடுவார்கள். அது வேறு கதை, ஒரு பாடவேளை போய்விடும்.

வகுத்தலில் முழுதாக்கல் விதியை மறந்தே விடுங்கள். 23.8 ÷ 5.9 என்றால் 24 ÷ 6 என்று தானாகவே வரும். ஆனால் 43.7 ÷ 5.9-ஐ விதிப்படி 44 ÷ 6 ஆக்கினால் என்ன லாபம்? 42 ÷ 6 எடு, 7 வரும், "ஏழுக்குக் கொஞ்சம் மேலே" என்று சொல். வாய்ப்பாட்டில் இருக்கும் எண்ணுக்கு நகர்த்துவதுதான் தோராயத்தின் உயிர். பிள்ளைகள் முதலில் "இது ஏமாத்து வேலை சார்" என்பார்கள். ஏமாற்றலாம் என்று அனுமதி கொடுங்கள்.

மாடிவகுப்பு

ஐயா, அரை-கால் யோசனை அருமை. ஆனால் முழுசாகப் பெருக்கிவிட்டுக் கடைசியில் முழுதாக்கும் கூட்டத்தை என்ன செய்வது? அவர்கள்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்.

பழைய வாத்தியார்

பெருக்க முடியாதபடி செய்துவிடுங்கள். பெருக்கி முடித்த இலக்கங்களை நீங்களே கொடுத்துவிடுங்கள். "4.8 × 3.1, இலக்கங்கள் 1488, புள்ளி மட்டும் தொலைந்துபோச்சு, எங்கே வைப்பது?" இனிமேல் கணக்குப் போட அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை, யோசித்துத்தான் ஆக வேண்டும். 148.8 எழுதும் பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான். கூட்டலில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்த பழக்கத்தில் பெருக்கலிலும் ஓர் இடம் மட்டும் விடுகிறார்கள்.

நாலைந்து கணக்கு போனதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் "இரண்டு பக்கமும் எத்தனை தசம இடம் என்று எண்ணினால் போதும்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது 2.5 × 6.4 கொடுங்கள், இலக்கங்கள் 16 என்று சொல்லுங்கள். எண்ணிப் பார்க்கிறவர் 0.16 வைப்பார். உண்மையான விடை 16-ஏதான், கடைசிப் பூஜ்யங்கள் விழுந்துவிட்டன. இரண்டரை ஆறு பதினைந்து என்று முதலிலேயே சொல்லிப் பார்த்த பிள்ளை மாட்டாது. வகுப்பே கொஞ்ச நேரம் சண்டை போடும், நடுவில் போகாதீர்கள்.

கல்லாப்பெட்டி

நான் ஆசிரியர் இல்லை, நகைக்கடையில் பில் போடுகிறவன். எங்களுக்கு எடை மூன்று தசம இடம். 7.860 கிராம் என்பதை "ஏழு கிராம் எண்ணூற்று அறுபது மில்லி" என்போம். புதிதாக வருகிற பையன்கள் 7.86 என்று எழுதியிருந்தால் "எண்பத்தாறு மில்லி" என்று படித்துவிடுவார்கள். அது 7.086. பட்டதாரிகள்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒருநாள் புள்ளியை இடம் மாற்றித் தட்டி, பத்து மடங்கு பில் போட்டு நீட்டினேன். வாங்க வந்த அம்மா கால்குலேட்டரைத் தொடவே இல்லை. "ஒரு பவுனே இல்லை, இவ்வளவு எப்படி வரும் தம்பி?" என்றார். பவுன் எட்டு கிராம். கிராம் 9,000 என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கு 72,000, அதற்குக் கீழேதானே வரணும். அந்த அம்மா போட்டது குத்துமதிப்புக் கணக்கு. எனக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை.

எட்டாம் வகுப்பு அப்பா

என் பையனுக்குக் கிரிக்கெட் வைத்துத்தான் தசமம் புரிய வைத்தேன். 18.4 ஓவரில் 142 ரன், ரன் ரேட் எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆர்வமாகச் செய்வார்கள்.

வெள்ளை சாக்பீஸ்

சார், தயவுசெய்து வேண்டாம். 18.4 ஓவர் என்பது தசமமே இல்லை. 18 ஓவரும் 4 பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அது 18-உம் மூன்றில் இரண்டும், அதாவது 18.67 பக்கம். 18.5-க்கு அடுத்த பந்தில் 19 ஆகிவிடும். இதை வைத்துப் படித்த பிள்ளை 0.5-க்குப் பிறகு 1 என்று நினைத்தால் தப்பு பிள்ளையுடையதல்ல. மணி 2.30-உம் இப்படித்தான், உயரம் 5.10 அடி என்று எழுதுவதும் இப்படித்தான். புள்ளி போட்டதெல்லாம் தசமம் இல்லை.

எட்டாம் வகுப்பு அப்பா

அட ஆமாம். இத்தனை நாள் 18.4-ஆலேயே வகுத்துக்கொண்டிருந்தோம்!

பழைய வாத்தியார்

கிரிக்கெட்டைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள், "இதில் என்ன தப்பு" என்று கேட்க நல்ல கேள்வி. முதலில் பெட்ரோல் பங்க். லிட்டர் 100.80 என்று வைத்துக்கொண்டு 250 ரூபாய்க்குப் போட்டால் எத்தனை லிட்டர்? இரண்டரை. அதற்குக் கூடவா, குறைவா? விலை நூறுக்கு மேலே, அதனால் கொஞ்சம் குறைவு. மீட்டர் 2.48 காட்டும். அந்தக் "கூடவா குறைவா" கேள்வியை ஒவ்வொரு கணக்குக்கும் கேளுங்கள்.

உங்கள் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1978-இல் அமெரிக்காவில் நாடு தழுவிய தேர்வு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஏறக்குறைய ஒன்று, ஆக 2. நூற்றுக்கு 24 பேர்தான் அதைத் தொட்டார்கள். 19, 21 பக்கம் போனவர்கள்தான் அதிகம்.

மாடிவகுப்பு

பத்து நாள் கழித்து வருகிறேன். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு கணக்குக்குப் பத்து வினாடி. முதல் நாள் ஒரே முனகல். 0.45, 0.6 கேட்டபோது 19 கை தப்பாகத் தூக்கியது, எனக்கே அதிர்ச்சி. "புள்ளி தொலைந்துபோச்சு" விளையாட்டை இப்போது அவர்களே கேட்கிறார்கள். 2.5 × 6.4-இல் சண்டை நடந்தது, நீங்கள் சொன்னபடியே. முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்தான் 0.16 கட்சிக்குத் தலைவி.

விடைத்தாளில்தான் சிக்கல். 4.8 × 3.1-க்கு ஒருவர் 15, ஒருவர் 14, ஒருவர் "15-க்குக் கொஞ்சம் கீழே". எதற்கு மதிப்பெண்?

வெள்ளை சாக்பீஸ்

மூன்றுக்கும். காரணம் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதற்குத்தான் மதிப்பெண். 14.88 என்று எழுதினால் இந்தக் கேள்விக்கு மட்டும் பாதி.

மாடிவகுப்பு

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று. அந்தப் பூஜ்யப் பையன் நேற்று 7.2 ÷ 0.9-க்கு 8 பக்கம் வரும் என்று தானாகச் சொன்னான். சொல்லிவிட்டு "வகுத்தா குறையணுமே டீச்சர், இது எப்படிக் கூடுச்சு?" என்று என்னையே மடக்கிவிட்டான்.

பழைய வாத்தியார்

7.2 மீட்டர் ரிப்பன் வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மீட்டர் துண்டாக வெட்டினால் ஏழு துண்டு வந்து கொஞ்சம் மிஞ்சும். துண்டைச் சிறியதாக்கினால் எண்ணிக்கை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். கத்தரியை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாடிவகுப்பு

ரிப்பன் வாங்கியாச்சு. கடைக்காரர் 7.2 மீட்டரை "ஏழேகாலா வெட்டிடவா?" என்று கேட்டார்.