பழைய பஸ்ஸை வீடாக்கணும்: இன்ஜின் முன்னாலயா, பின்னாலயா?

தாமான்_தாத்தா (சுங்கை சிப்புட்):
வேலையிலிருந்து ஓய்வு எடுத்தாச்சு. பழைய பஸ் ஒண்ணு வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை வச்சு நானும் வீட்டம்மாவும் நாட்டைச் சுத்தலாம்னு இருக்கோம். ரெண்டு பஸ் கைக்கு வந்திருக்கு. ஒண்ணு ஹினோ ஏகே, பேக்டரிக்கு ஆள் ஏத்தினது, இன்ஜின் டிரைவர் பக்கத்துல. இன்னொண்ணு ஹினோ ஆர்கே, டூர் ஓடினது, இன்ஜின் பின்னால. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். கேமரன் மலைக்கும் ஏறணும், செம்பனைத் தோட்டத்துக்குள்ள இருக்கிற மாமியார் வீட்டுக்கும் போகணும். எதை எடுக்கலாம்?

விரைவு_ஓட்டி (ஈப்போ):
ஆர்கே. யோசிக்கவே வேணாம் அண்ணே. ஏகே-யில மெனோரா சுரங்கத்துப் பக்கம் ஏறும்போது அண்ணி பேசுறது உங்க காதுல விழாது (அதுவும் ஒரு வசதிதான்னு சிலர் சொல்வாங்க). ஆர்கே-யில சத்தமெல்லாம் பின்னாலேயே நின்னுடும். இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போற நீள ஷாஃப்ட் அடியில கிடையாது, சாமான் அறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் காலியா இருக்கும். தண்ணித் தொட்டி, பேட்டரி, கேஸ் எல்லாம் அங்கே போயிடும். அமெரிக்காவுல பெரிய டீசல் மோட்டர்ஹோம்ல பெரும்பாலானது இப்படித்தான், கம்மின்ஸ் இன்ஜினையும் எலிசன் கியர்பாக்ஸையும் பின்னால வச்சுத் தள்ளிக்கிட்டுப் போகும்.

பெங்கல்_பையன் (கோலகங்சார்):
அமெரிக்காக்காரன் தார் ரோட்டுல போய் சிமெண்டுத் தரையில நிறுத்துறான். தாத்தா தோட்டத்துக்குள்ள போகணும்னு எழுதியிருக்காரு, அதைப் படிச்சீங்களா?

ரெண்டு பஸ்லயும் ஹினோவோட ஜே08 குடும்ப இன்ஜின்தான், 8 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஆறு சிலிண்டர். அதனால சக்தியைப் பத்திப் பேசி நேரத்தைக் கழிக்க வேணாம், எங்கே உட்கார்ந்திருக்குங்கிறதுதான் விஷயம். பின்னால இருக்கிற ரேடியேட்டருக்கு நேர்க்காத்து கிடையாது, காத்தாடிதான் இழுக்கணும். பின்சக்கரம் கிளப்புற செம்மண் புழுதியையும் சேர்த்து இழுக்கும். இன்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வர்ற எண்ணெய் ஆவி அதுமேல படிஞ்சா புழுதி அப்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தா சுத்தமாத் தெரியும், உள் அடுக்கு அடைச்சிருக்கும். அப்புறம் மலை ஏறும்போது சூடு ஏறுதேன்னு, அந்த அடைப்பைப் பார்க்காம தெர்மோஸ்டேட்டை மாத்துவாங்க, தண்ணிப் பம்பை மாத்துவாங்க. நீங்க சொல்ற அமெரிக்கா வண்டிகள்லயும் ரேடியேட்டரை நேர் பின்னால வச்சதுக்கு இதே நோய்தான். பக்கவாட்டுல வச்சதுக்குக் கொஞ்சம் பரவால்ல.

இன்னொண்ணு, டிரைவர் இன்ஜினைக் காதால கேக்கணும். பெல்ட் கத்தினாலும் எங்கேயாவது காத்து ஒழுகினாலும் ஏகே-யில உடனே தெரியும். ஆர்கே-யில பின்னால புகை வந்தா, பக்கத்துல போற லோரிக்காரர் ஹாரன் அடிச்சுத்தான் சொல்லணும். கியர் கம்பியும் பஸ் நீளத்துக்கு ஓடுது. பழசானா எந்தக் கியர் விழுந்துச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும்.

விரைவு_ஓட்டி:
தம்பி, ஷாஃப்டை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? ஏகே-யில அது பஸ்ஸுக்கு நடுவால ஓடுது. அதை நடுவுல தாங்குற சென்டர் பேரிங் தேஞ்சா தரையே அதிரும், அதோட மூட்டுல இருக்கிற கிராஸ் உடைஞ்சா நடுரோட்டுல நிக்கணும். இன்ஜின் மூடிக்குப் பக்கத்துல மதியம் ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்க, இடது கால் வெந்துடும். சூட்டுக்கு ஒரு மணி, புகைக்கு ஒரு மணி மாட்டினா பின்னால நடக்கிறது டிரைவருக்குத் தெரிஞ்சிடும். மழையில தோட்டத்து ஏத்தத்துல எது வழுக்கும்? இன்ஜின் பாரம் இழுக்கிற சக்கரத்து மேல இருந்தா மண்ணைப் பிடிக்கும்.

பெங்கல்_பையன்:
பிடிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா காலி பஸ்ஸுக்குத்தான் அந்தக் கணக்கு. பின்சக்கரத்துக்கிட்ட 300 லிட்டர் தண்ணி வச்சாலே 300 கிலோ. ஏகே-யிலயும் பிடிக்கும். பெரிய வாய்க்கால் பாலம் இறங்கும்போது ஆர்கே-யோட பின்பக்கம் தரையில உரசுமே, அதுக்கு எந்த மணி மாட்டுவீங்க?

ஈப்போ_அக்கா:
ரெண்டு பேரும் ஓட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. தாத்தாவும் பாட்டியும் தூங்க வேணாமா? பின்னால இன்ஜின் உள்ள பஸ்ல எல்லாரும் கட்டிலைக் கடைசியில, இன்ஜினுக்கு நேர் மேலதான் போடுறாங்க. வண்டியை நிறுத்தினதும் காத்தாடி நின்னுடும், சூடு மேல ஏறும். நம்ம ஊர் ராத்திரிக்கு அது தோசைக்கல்லு மாதிரி. இன்ஜின் மூடிக்குச் சூடு தாங்குற பஞ்சு நல்லாக் கெட்டியா அடிக்கணும், இல்லன்னா கட்டிலை நடுவுக்குக் கொண்டு வந்து கடைசியில அலமாரி போடணும். ஏகே-யில பகல்ல வேர்க்கும், ராத்திரி பின்பக்கம் குளுகுளுன்னு இருக்கும். நான் ஏகே பக்கம்தான், ஆனா இந்தத் தம்பி சொன்ன காரணத்துக்காக இல்ல.

கோஸ்டர்_ரசிகன் (தாப்பா):
ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பஸ்? டொயோட்டா கோஸ்டர் வாங்குங்க. முன் இன்ஜின், நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். 2024 ஜூன் 10-ல தீபகற்ப மலேசியாவுல டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவினதை மறந்துட்டீங்களா? லைசென்ஸையும் பாருங்க. டி-யில வெறும் எடை 3500 கிலோ வரைதான், இ2-ல 5000, இ1-ல 7500, அதுக்கு மேல முழு இ வேணும். கட்டிலும் அலமாரியும் ஏறினா கோஸ்டரே டி-யைத் தாண்டலாம்.

தாமான்_தாத்தா:
லைசென்ஸ் கவலை இல்ல தம்பி, மில்லுக்கு லோரி ஓட்டினவன், முழு இ இருக்கு. கோஸ்டர்ல நிமிர்ந்து நிக்க முடியலன்னு வீட்டம்மா ஏற்கனவே தள்ளிட்டாங்க. கட்டில் விஷயத்தைப் படிச்சுக் காட்டினேன், இப்போ ஏகேன்னு சொல்றாங்க. எனக்கு இன்னும் ஆர்கே மேலதான் ஆசை. கேமரனுக்கு சிம்பாங் பூலாய் வழியாத்தான் போவேன், தாப்பா ரோட்டு வளைவுல இந்த நீளத்தோட மல்லுக்கட்ட மாட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பார்க்கப் போறேன்.

விரைவு_ஓட்டி:
காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா திரும்பி வந்துடுங்க.

பெங்கல்_பையன்:
ஆர்கே-யோட ரேடியேட்டருக்குப் பின்னால டார்ச் அடிச்சு இந்தப் பக்கத்திலிருந்து பாருங்க. வெளிச்சம் வரலன்னா கழட்டிக் கழுவுற கூலியை விலையில கழிக்கச் சொல்லுங்க. அதோட, சீட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்குங்க. கட்டில் அடிச்ச பிறகு கேட்டா, வண்டியைப் பரிசோதிக்கிற புஸ்பாகோம் வாசல்லயே நிக்க வேண்டி வரும்.

ஈப்போ_அக்கா:
பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க. அரை மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தி, கடைசி வரிசை சீட்டுல அவங்களைப் படுக்கச் சொல்லிப் பாருங்க.