கார்ன்வால் சுரங்கத்து பீம் எஞ்சின்கள்: எங்கிருந்து தேடுவது?

செம்மண்:
இங்கிலாந்தின் கார்ன்வாலில், ரெட்ரூத் ஊர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கங்களில் எஞ்சின் வீடுகள் வரிசையாக நிற்கின்றன, அதாவது பெரிய உத்தரத்தை (பீம்) ஆட்டி வேலை செய்த நீராவி எஞ்சின்கள் இருந்த கட்டடங்கள். அதில் ஒன்றின் கதையையாவது முழுசாக எழுத வேண்டும் என்று ஆசை. சுவரும் புகைபோக்கியும் இருக்கின்றன, எஞ்சின்தான் இல்லை. பழைய குறிப்புகளில் 60 அங்குல (சிலிண்டர் விட்டம்) எஞ்சின் ஒன்று வருகிறது, சில வருடத்தில் அது காணாமல் போய், அதே அளவில் பக்கத்துச் சுரங்கத்தில் ஒன்று முளைக்கிறது. எதை நம்புவது?

கரிமூட்டை:
இரண்டும் ஒரே எஞ்சினாக இருக்கலாம். சுரங்கம் மூடினால் எஞ்சினைக் கழற்றி விற்பது அங்கே சர்வசாதாரணம். இன்றும் ஈஸ்ட் பூலில் நிற்கிற 90 அங்குல டெய்லர் எஞ்சினையே எடுங்கள், ஹேல் ஊர் ஹார்வி ஆலை 1892-ல் அதைச் செய்தது கார்ன் பிரே சுரங்கத்துக்கு, 1920-களில்தான் அது ஈஸ்ட் பூலுக்கு வந்து 1954 வரை தண்ணீர் இறைத்தது. அதனால் சுரங்கத்தின் பெயரை விட்டுவிட்டு சிலிண்டர் விட்டத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். வெஸ்ட் பிரிட்டன் மாதிரி அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் விற்பனை விளம்பரங்களை அவசியம் பாருங்கள்.

நீர்மட்டம்:
அப்புறம் லீன் குடும்பத்தாரின் மாதாந்தர எஞ்சின் அறிக்கை, 1811-ல் தொடங்கியது. ஒரு புஷல், அதாவது 94 ராத்தல் நிலக்கரிக்கு எத்தனை ராத்தல் தண்ணீரை ஓர் அடி உயர்த்தியது என்று எஞ்சின் வாரியாகக் கணக்கு இருக்கும். கார்ன்வாலில் நிலக்கரியே கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும், அதனால்தான் முதலாளிகளுக்கு இதில் அவ்வளவு அக்கறை. ஜேம்ஸ் வாட் காலத்து நல்ல எஞ்சின் இந்தக் கணக்கில் சுமார் 2 கோடி ராத்தல் காட்டியது, 1835-ல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கச் சோதனையில் ஆஸ்டின் எஞ்சின் 12.5 கோடி! ஆனால் எல்லாச் சுரங்கமும் இந்த அறிக்கையில் சேரவில்லை, பெயர் இல்லையென்றால் எஞ்சினே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கல்தச்சன்:
சுவரையும் படியுங்கள் நண்பரே. ஒரு பக்கச் சுவர் மட்டும் மற்றதைவிடத் தடிமனாக, உயரம் குறைவாக இருக்கும். உத்தரம் உட்கார்ந்து ஆடியது அதன் தலையில்தான், பாதி உள்ளே சிலிண்டருக்கு மேல், பாதி வெளியே. அந்தச் சுவரை ஒட்டியே சுரங்கத்துக்குள் இறங்கும் குழி இருந்தால் தண்ணீர் இறைத்த எஞ்சின். குழி தள்ளியிருந்து, சுவருக்கு முன்னால் சக்கரம் சுழன்ற பள்ளம் தெரிந்தால் தாது தூக்கியதாக இருக்கலாம். மூடி மறைக்காத பழைய குழி எங்கேயும் இருக்கலாம், வேலி தாண்டிப் போகாதீர்கள்.

செம்மண்:
நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ரெட்ரூத்திலேயே கிரெசன் கெர்னோ ஆவணக்காப்பகம் இருக்கிறதே, சுரங்க வரைபடங்களை அங்கே கேட்டால் கிடைக்குமா?

கரிமூட்டை:
கிடைக்கும். 1800-க்கு முந்தையது என்றால் பர்மிங்காம் நூலகத்தில் போல்டன், வாட் கூட்டு எஞ்சின் நிறுவனத்தின் ஆவணங்களையும் பாருங்கள். பழைய வகை எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சம் பிடித்த நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர்கள் வசூலித்ததால், கணக்கு விவரமாகவே இருக்கும்.