பெண் எலி இதயம் இஸ்கீமியாவில் (ரத்த ஓட்டம் நின்ற நிலையில்) நன்றாகத் தேறுது: ஜனவரியில் வந்த வித்தியாசம் மே மாதம் காணோம்

காட்பாடி_07:
விஸ்டார் எலி, ஆண் பெண் இரண்டும். 200 கிராம் வந்ததும் சிறுநீரகத் தமனிக்கு மேலே பெருந்தமனியோடு 22 கேஜ் ஊசியைச் சேர்த்துக் கட்டி, ஊசியை உருவிவிடுகிறோம். 8 வாரத்தில் இதயம் தடித்துவிடும். இதயத்தை வெளியே எடுத்து, கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலைப் பெருந்தமனி வழியே செலுத்தும் லேங்கன்டார்ஃப் கருவியில் மாட்டி 80 மி.மீ. பாதரச அழுத்தத்தில் 20 நிமிடம் ஓட்டம், 30 நிமிடம் முழு நிறுத்தம், 60 நிமிடம் மறுபடி ஓட்டம். ஜனவரி பேட்சில் பெண் இதயம் நன்றாகத் தேறியது. மே பேட்சில் ஆண், பெண் இரண்டும் ஒரே மாதிரி மோசம். புரோட்டோகால் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. மாறியது வேலூர் வெயில் ஒன்றுதான். எங்கே பார்க்கலாம்?

பாலாறு:
விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, என் முதல் சந்தேகம் வெயில்மேல்தான். ஓட்டம் இருக்கும்வரை இதயத்துக்குச் சூடு தருவது உள்ளே வரும் 37 டிகிரி கிரெப்ஸ். டேப்பை மூடினால் அதுவும் நின்றுவிடும். பிறகு சுற்றி இருக்கிற காற்று என்ன சூடோ அதுதான் இதயத்துக்கும். பெண் இதயம் சின்னது, சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே சேதம் கணிசமாகக் குறையும். ஜனவரியில் அறை ஜில்லென்று இருந்திருக்கும், குளிர் கொடுத்த பாதுகாப்பை ஈஸ்ட்ரோஜன் கணக்கில் எழுதியிருக்கலாம். மே மதியம் ஏசி திணறும்போது இரண்டு இதயமும் சூடாகவே கிடந்திருக்கும்.

ஓட்டத்தை நிறுத்தியதும் இதயத்தை 37 டிகிரி கிரெப்ஸில் முக்கி வையுங்கள். ஜாக்கெட் இருக்கிற கண்ணாடிக் குடுவை போதும். பழைய டிரேஸிங்கில் (அழுத்தப் பதிவில்) நிறுத்தத்தின்போது இடது கீழறைக்குள் வைத்த பலூனின் அழுத்தம் எத்தனையாவது நிமிடத்தில் ஏறத் தொடங்குது என்றும் பாருங்கள். ஆறிய இதயம் தாமதமாகத்தான் இறுகும்.

மருந்தியல்_மேடம்:
இறுக்கம் தள்ளிப்போவதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம் சார், நிஜமான பாதுகாப்பிலும் அது தள்ளிப்போகலாம். தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) இல்லாமல் அந்த வாதம் நிற்காது.

எனக்குக் கால்சியம்மேலும் சந்தேகம். சாதாரண கால்சிய அளவில் சுண்டெலியில் ஆண் பெண் வித்தியாசம் சொற்பம். நிறுத்தத்துக்கு முன் இதயத்தைப் பலமாகத் துடிக்க வைக்கும் ஐசோபிரெனலின் மருந்தைக் கொடுத்தாலோ கால்சியத்தை ஏற்றினாலோதான் ஆண் இதயம் சட்டென்று மோசமாகும். பெண் இதயத்தில் நைட்ரிக் ஆக்சைடு, கால்சியம் நுழைகிற எல்-டைப் வாயிலில் ஒட்டி வரத்தைக் குறைக்குது. எல்-நேம் என்ற மருந்தைப் போட்டு நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியை அடைத்தால் பெண்ணின் அனுகூலமும் போய்விடும்.

கால்சியம் குளோரைடு ஈரம் இழுக்கும். ஒரே பாட்டிலை மாதக்கணக்கில் திறந்து மூடினால் நிறுப்பதில் பாதி தண்ணியாக இருக்கலாம், கால்சியம் குறைந்துவிடும். 1 மோலார் ஸ்டாக் கரைசலாகவே வையுங்கள். லேபிளையும் பாருங்கள்: 2.5 மில்லிமோலாருக்கு டைஹைட்ரேட் என்றால் லிட்டருக்கு 0.37 கிராம், நீரற்றது என்றால் 0.28. 95:5 வாயுவை (ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு கலவை) 15 நிமிடம் விட்ட பிறகே கால்சியம் சேர்க்கணும். முந்தினால் கலங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத துகள் கொரோனரியை (இதயத் தசைக்கான ரத்தக் குழாயை) அடைக்கும். கடைசியில் வடிகட்டாமல் ஓட்ட வேண்டாம். தண்ணீர் டிஸ்டில்டுக்கும் மேலான தரம் வேண்டும், இந்தப் பக்கத்துக் கேன் தண்ணியை நம்பிக் கிரெப்ஸ் போடாதீர்கள்.

தீவனத்தில் சோயா இருக்கா? அதன் ஐசோஃபிளேவோன் ஆண் எலிக்கும் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும். மூட்டை மாறியிருந்தால் அதுவும் ஒரு காரணம்.

எக்கோ_ஆற்காடு:
வெயிலுக்கும் கால்சியத்துக்கும் முன்னால் பெருந்தமனியில் நீங்கள் போடும் 22 கேஜ் கட்டு எப்படி என்று பாருங்கள் தம்பி. 200 கிராமில் இரண்டுக்கும் ஒரே துளை. 8 வாரத்தில் ஆண் 400-ஐத் தொடும், பெண் 250, 280-லேயே நிற்கும். ஆணின் பெருந்தமனி வளர வளர அதே கட்டு இறுகும். அப்போது ஆணுக்குச் சுமையே கூட. நீங்கள் அதை ஆண்-பெண் வித்தியாசம் என்று படிக்கிறீர்கள். இதயத்தை எடுக்கும் முன் கழுத்துத் தமனியில் அழுத்தம் அளந்து, சமமான சுமை உள்ள எலிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

இதய எடையை உடல் எடையால் வகுக்காதீர்கள், கெண்டைக்கால் எலும்பு (டிபியா) நீளத்தால் வகுங்கள். மனிதர்களுக்கே எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) ஆண் பெண்ணுக்கு ஒரே கோடு கிடையாது. இடது கீழறை நிறை ஆணுக்கு உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 115 கிராம் தாண்டினால் தடிப்பு, பெண்ணுக்கு 95.

பலூனும் முக்கியம். பெண் இதயம் பெரும்பாலும் உள்பக்கமாகத் தடிக்கும், அறை சிறுக்கும். ஆண் அறை விரியும் பக்கம் போகும். ஆணுக்கு வைத்த பலூனைப் பெண்ணுக்குப் போட்டால் மைட்ரல் வால்வு வழியே பிதுங்கும். கன அளவை ஒன்றாக வைக்காதீர்கள், தளர்வழுத்தம் (இதயம் தளரும்போது பலூனில் உள்ள அழுத்தம்) 5 முதல் 8 மி.மீ. பாதரசம் வரும்வரை நிரப்புங்கள். ஓட்டத்தையும் கிராமுக்கு எத்தனை மில்லி என்று எழுதுங்கள். தடித்த இதயத்துக்கு அதே 80-ல் கிராமுக்குக் குறைவாகத்தான் போகும்.

காட்பாடி_07:
மூவருக்கும் நன்றி. சேம்பர் காலியாகத்தான் இருந்தது, முக்கவில்லை. கால்சியம் பாட்டில் ஜனவரியில் திறந்தது. தெர்மோகப்பிளை எங்கே வைப்பது?

பாலாறு:
நுரையீரல் தமனி வழியாக வலது கீழறைக்குள். மெல்லிய கம்பி, கண்ணாடியில் படக்கூடாது, பட்டால் ஜாக்கெட் சூட்டைத்தான் காட்டும். நிறுத்தம் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் எழுதுங்கள். 36.5-க்குக் கீழே போன இதயத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்த அளவுகோலைச் சோதனை தொடங்கும் முன்பே நோட்டில் எழுதி வையுங்கள், பார்த்த பிறகு இல்லை.