கிட்டாரோடு பாட எந்தப் பாட்டை எடுப்பது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டர்பன், பாடற்குழு நடத்துபவர்

2023-ல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது எங்கள் சர்ச்சில் கீபோர்டை நம்பி எந்தப் பாட்டையும் தொடங்க முடியவில்லை. அப்போதுதான் கிட்டாரை முன்னால் கொண்டுவந்தோம். மின்வெட்டு குறைந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. கிட்டாரோடு பாடும்போது வார்த்தைகள் தெளிவாகக் கேட்கின்றன. இங்கே பிள்ளைகளில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லும் தனித்து வருவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கீபோர்டுக்குச் சரிப்பட்ட பாட்டெல்லாம் கிட்டாருக்குச் சரிப்படாது. ஆர்கன், விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒலிக்கும். கிட்டார் கம்பியின் ஒலி மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. நான்கு குரலில் மெதுவாக நகரும் பழைய ஞானப்பாட்டை எடுத்தால், நீண்ட சுரத்தின் பின்பாதியில் துணைக்கு ஒன்றுமே இருக்காது. ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) கொஞ்சம் இறங்கும், டெனரும் (ஆண்களின் உயர்ந்த குரல்) கூடவே இறங்கும், அடுத்த அடியில் கிட்டார் திரும்ப ஒலிக்கும்போது சுருதி விலகியது பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் ஒரு பாட்டைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது நீண்ட சுரங்களைத்தான். அந்த இடத்தில் கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டி ஓடிக்கொண்டிருக்க முடியுமா, இல்லை வேறொரு குரல் நகர்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்தப் பாட்டைத் துணையே இல்லாமல் பாடிவிடலாம்.

எனக்கு வழிகாட்டியாக இருப்பது ‘சைலன்ட் நைட்’. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃபில் அது முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணை கிட்டார்தான். பாட்டை எழுதிய யோசஃப் மோர் கிட்டார் வாசித்தபடி டெனர் பாட, மெட்டமைத்த ஃப்ரான்ஸ் க்ரூபர் பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடினார். கொயர் ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடிகளை மட்டும் திருப்பிப் பாடியது. (எலி கடித்து ஆர்கன் கெட்டுப்போனது என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது.) மோர் கைப்பட எழுதிய பிரதி 1995-ல் கிடைத்தது. அது டி மேஜரில் இருக்கிறது, கிட்டாருக்குக் கைவந்த சுருதி. நாங்கள் டிசம்பரில் அதே அமைப்பில் பாடிப் பார்த்தோம்: இரண்டு குரல், ஒரு கிட்டார், பிறகு எல்லோரும். மெல்லிய ஒலியோடு இரண்டு பேர் போவதும், அதற்குப் பின்னால் மொத்தக் குழுவும் சேர்வதும் வழக்கமான நான்கு குரல் அமைப்பைவிட எவ்வளவோ அழகு.

உங்களுக்கு எப்படி?

சாட்ஸ்வொர்த், ஆல்டோ, சின்ன வயதில் கர்நாடகம் கற்றவர்

நம் கீர்த்தனைகளைப் பற்றி யாராவது பேச வேண்டும், நானே பேசுகிறேன். புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கிட்டாருக்குப் பாட்டு எடுக்கும்போது அந்த ஒரு வரிதான் முக்கியம்.

சங்கராபரணம் என்றால் அது மேஜர் ஸ்கேல்தான், எந்தக் கிட்டார்காரரும் வாசித்துவிடுவார். நடபைரவி இயல்பான மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். இவற்றுக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தானாக வந்து அமையும். மோகனத்தில் ஐந்தே சுரம், எங்கே மாற்றுவது என்று காது சொல்லிவிடும்.

சிக்கல் மாயாமாளவகௌளையில். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த கிட்டார்காரர், நல்ல கைதேர்ந்த பிள்ளை, வழக்கம்போல ‘ப’வின் மேல் மேஜர் கார்டு பிடித்தார். அந்தக் கார்டில் பெரிய ரி இருக்கிறது, நாங்கள் பாடுவதோ சின்ன ரி. இரண்டும் மோதி, பாடியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டோம். யார் மேலும் பிழை இல்லை. அந்த ராகத்தில் ப, நி, ரி மூன்றையும் சேர்த்தால் நிறைவான கார்டு கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினார். கீழ் மூன்று கம்பிகளும் டி, ஏ, டி ஆகிவிட்டன, அதாவது ச, ப, ச. கார்டே பிடிக்காமல் தம்புராவைப் போல அதையே மீட்டிக்கொண்டிருந்தார். சரணத்துக்கு நடுவில் மட்டும் மேல் கம்பிகளில் மெட்டைத் தொட்டுப் போனார். எல்லோரும் ஒரே குரலில் பாடினோம். தோடி போன்ற ராகங்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். நான்கு குரலாகப் பிரிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சங்கராபரணத்தில் எடுத்துக்கொள்ளட்டும், இந்த ராகங்களை விட்டுவிடட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கிட்டார்

வாசிப்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பாட்டுப் புத்தகம் ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று கொடுத்திருக்கும். ஆர்கனுக்கு அது ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற பார் கார்டுகளாக வரும், திறந்த கம்பியின் நாதம் போய்விடும். கேப்போவை (கிட்டார் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வியை) முதல் கட்டில் போட்டு டி வடிவத்தில் வாசித்தால் ஈ ஃபிளாட், ஜி வடிவத்தில் வாசித்தால் ஏ ஃபிளாட். அதுவும் வேண்டாமென்றால் பாட்டையே அரைச் சுரம் இறக்கிவிடலாம். இந்த நாட்டில் ஜூலு, கோசா கொயர்கள் டோனிக் சோல்ஃபாவில்தான் (டோ, ரே, மீ என்று எழுத்தில் சுரம் எழுதும் முறை) பெரும்பாலும் பாடுகின்றன. அந்தத் தாளில் சுருதியை மாற்ற, தலைப்பில் ‘டோ’ எது என்பதை மாற்றினால் போதும். கீழே ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். நம் சரிகமவும் அப்படித்தானே. நான் அதே தாளில் மேலே கார்டு எழுத்துகளை மட்டும் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

கொயரோடு கிட்டாருக்கென்றே எழுதிய பெரிய படைப்பு வேண்டுமென்றால் இசையமைப்பாளர் மாரியோ காஸ்டெல்நூவோ-டெடெஸ்கோவின் ‘ரொமான்செரோ ஹிதானோ’ இருக்கிறது. 1951-ல் எழுதியது, ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகள், ஏழு பகுதி. கிட்டார் பகுதிக்குக் கிளாசிக்கல் பயிற்சி கட்டாயம் வேண்டும். நாற்பது பேர் கொயரோடு அதைத் தொடவே தொடாதீர்கள், மைக் இல்லாமல் கிட்டார் காணாமல் போய்விடும். குரலுக்கு நாலைந்து பேர் போதும். கிட்டார்காரரைப் பின்னால் ஒளித்து வைக்காமல் முன்வரிசைக்கு நடுவில் உட்கார வையுங்கள்.

ஃபீனிக்ஸ், பேஸ்

எங்களோடு மஸ்கண்டி (ஜூலு மக்களின் கிட்டார் இசை) வாசிக்கும் ஒரு ஜூலு தம்பி சில காலம் பாடினார். அந்த மரபில் பாட்டுக்கு முன்னால் இசிஷ்லாபோ என்று ஒரு வேகமான கிட்டார் ஓட்டம் வரும். நம் பஜனைப் பாட்டு ஒன்றுக்கு அவர் அப்படி ஆரம்பித்தார். அது முடிவதற்குள் எல்லோர் காதிலும் சுருதி உட்கார்ந்துவிட்டது, யாரும் ‘ஆ’ என்று சுருதி கேட்கவில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பாட்டுகள்தான் அவருக்குப் பிடித்தன. இடைவெளி கிடைக்கும் இடத்தில் எல்லாம் கிட்டார் பதில் சொல்லும். அவர் வேலைக்காக ஜோஹானஸ்பர்க் போன பிறகும் நாங்கள் அந்த மாதிரிப் பாட்டுகளைத்தான் தேடி எடுக்கிறோம்.

டர்பன், பாடற்குழு நடத்துபவர்

சாட்ஸ்வொர்த் அக்கா, டி, ஏ, டி யோசனையைப் பெரிய வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பெண்களுக்கு டி-யில் ச வைத்தால் கீழ்ச் சுரங்கள் எட்டுமா என்று இந்த வியாழன் ஒத்திகையில் பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் கம்பியை இறக்கியே வைத்துக்கொண்டு கேப்போவை மேலே ஏற்றலாமா? அப்போதும் ச, ப, ச அப்படியே இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி சொல்லட்டும்.